எம் பாட்டியார்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் இல்லறம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்தனர். யாமும் தமிழ் கற்பிக்கும் தொழிலினர் ஆதலின், நூல்களைப் புரட்டிக் குறிப்புகள் பல எடுத்து வைத்தோம். திருவள்ளுவனார் இல்வாழ்க்கைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வாழ்க்கைத் துணைநலத்திற்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மக்கட்பேற்றிற்கும் விருந்தோம்பலுக்கும் தனித்தனியே வகுத்தார். அவற்றை விரித்துரைத்தால் ஒரு மணி நேரம் இனிது கழியும். ஆயினும், அக்குறிப்புகளை எழுதுங்கால் ஒவ்வோர் அதிகாரத்திற்கும் சான்றாக எம் உள்ளத்தில் வந்து நின்றவர் ஒருவரே. அவர் எம் தந்தையாரை ஈன்ற பாட்டியார். ஆகவே, குறிப்புகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வம்மையாரைப் பற்றியே இன்று பேசத் துணிந்தோம். தம் வீட்டுப் பெருமை பேசுகின்றான் இவன் என்று எவரும் எண்ணவேண்டா. இங்குள்ளார் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகையார் ஒருவர் இருந்திருப்பர். அவரை நினைவுகூர்தற்கு எம் பாட்டியார் ஒரு வாயில் ஆவாராக.

முதலிற் சொல்லைப்பற்றி ஒரு சொல். 'பாட்டி' என்பது பழந்தமிழில் இன்று நாம் கொள்ளும் பொருளில் மட்டும் வழங்கிற்றில்லை. பன்றி, நாய், நரி என்பவற்றின் பெண்பாலுக்குப் பாட்டி என்னும் பெயர் உரித்தென்பது தொல்காப்பிய மரபியலால் அறியப்படும். யாம் புலவர் வகுப்பில் இதனைப் படித்த நாளில், நகைப்பு மேலிட்டு, விடுமுறைக்கு ஊர் சென்றவுடன் பாட்டியாரிடம் கூறினோம். அவர் சினந்தாரில்லை. கையிலிருந்த வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டே, "சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ராசா. குட்டிகளைக் கட்டிக் காப்பது அதுகள்தானே!" என்றார். உரையாசிரியர் எவரும் எமக்கு உணர்த்தாத ஒரு பொருளை அன்று எழுத்தறிவு மிகவில்லாத மூதாட்டியார் ஒருவர் உணர்த்தினார்.

அவர் பிறந்தது 1922-ஆம் ஆண்டு, ஊர் விருதுநகர். அந்நாளில் அதற்கு விருதுபட்டி என்பதே பெயர். 1923-ஆம் ஆண்டிலேதான் விருதுநகர் என்னும் பெயர் ஏற்பட்டது. "ஊருக்கு நான் ஒரு வயது மூத்தவள்" என்று பாட்டியார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மழை அருகிய கரிசற் பூமி. ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. நெல் விளைவும் மிகுதியில்லை. விளைவதை விற்றும், விளையாததை வாங்கியும், பருத்தி, வற்றல், எண்ணெய், தானியம் எனப் பலவகை வாணிகத்தால் தழைத்த ஊர் அது. பாட்டியாரின் தந்தையார் சிறு பலசரக்குக் கடை ஒன்று வைத்திருந்தனர்.

நம்மவர் அவ்வூரிற் கண்ட இரண்டு ஏற்பாடுகளை இன்றைய இளைஞர் அறிதல் நன்று. ஒன்று மகமை, மற்றொன்று பிடியரிசி. வணிகர் வாங்கும் சரக்கிலும் விற்கும் சரக்கிலும் ஒரு சிறு பகுதியை ஊர்ப் பொதுவிற்கென ஒதுக்குவது மகமை. அஃது ஆடவர் கடையில் நிகழ்ந்த அறம். உலையில் இடுதற்கு அரிசி அளக்குங்கால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இட்டு, பள்ளிக்கூடத்திற்கெனக் கொடுப்பது பிடியரிசி. அது பெண்டிர் அடுக்களையில் நிகழ்ந்த அறம். 1889-ஆம் ஆண்டில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இத்தகைய கொடைகளால் வளர்ந்தது. பின்னாளில் முதலமைச்சராய் விளங்கிய காமராசரும் இளமையில் அங்கே பயின்றவரே. ஒரு பிடி அரிசி எவ்வளவு? உண்பவர் அறியார், உலை வைப்பவளும் குறையென உணராள். ஆயினும் முப்பது நாளில் அது படிக்கணக்கில் வரும். ஊரெல்லாம் சேர்ந்தால் மூட்டைக்கணக்கில் வரும். ஒருவர்க்கும் சுமையாகாமல் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தும் வழியை அரசன் ஆணையின்றி, அறிஞர் குழுவின்றி, அடுக்களையிலிருந்து கண்டனர் நம் முன்னோர்.

பாட்டியார் சிறுமியாய் இருந்தபோது, தம் வீட்டுப் பிடியரிசியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்க்கிட்ட வேலை. பள்ளிக்கூடத்திற்கு அரிசி சுமந்த அச்சிறுமி பள்ளிக்கூடத்தில் இருந்தது இரண்டாம் வகுப்பு முடியும் வரையிலேதான். தாயார் நோயுற்றார், தொட்டிலில் ஒரு தம்பி, அடுக்களைக்கு ஓர் ஆள் வேண்டும். ஒன்பதாம் வயதில் பலகையைக் கீழே வைத்தார். கற்ற எழுத்துக்கள் கைவிட்டுப் போயின. "பள்ளிக்கூடத்துக்கு நான் போட்ட அரிசி எத்தனையோ பேரைப் படிக்க வைத்திருக்கும்; என்னைப் படிக்க வைக்கவில்லை" என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகச் சொன்னாரல்லர். கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று சொல்வார்போலச் சொன்னார். அவ்வரியைத்தான் யாம் இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

1938-ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில் அவர்க்குத் திருமணம் நிகழ்ந்தது. புகுந்த வீடு வற்றல் கமிஷன் மண்டி நடத்திய பெருங்குடும்பம். மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் என ஒரு வேளைக்கு இருபது இலை விழும். புகுந்த முதல்நாளே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பானையைத் தேடினாராம். அது கண்ட மாமியார், "நம்ம வீட்டுக்கு ஏற்றவள்தான்" என்றாராம். அன்று தொடங்கிய அவர் கை, எண்பது ஆண்டுகள் ஒரு நாளும் தவறிற்றில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்த ஒன்றை அவர் வாயாற் பலகாற் கேட்டுள்ளோம். அதனைச் சொல்லுமுன் பழைய வரலாற்றைச் சிறிது நினைவூட்டுதல் வேண்டும். நம்மவர் கோயிலுள் நுழைதல் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1897-இல் கமுதியில் கோயிலுட் சென்று வழிபட்டதன்மேல் வழக்கெழுந்து, அது கடல்கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரையிற் சென்று, 1908-இல் நமக்கெதிராகவே முடிந்தது. 1899-இற் சிவகாசியில் நிகழ்ந்த கொடுமையை விரிக்க வேண்டா. இந்நிலையில் 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர் அவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சிலரையும் நம்மவரையும் உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுட் புகுந்தனர். அவ்வாண்டே அரசினர் அதற்கரண் செய்யும் சட்டமும் இயற்றினர்.

அச்செய்தி ஊர்க்கு எட்டிய சில திங்களில், பாட்டியாரின் மாமியார் மருமகளை அழைத்துக்கொண்டு இரயிலேறி மதுரை சென்றனர். அம்முதியவர் அதற்குமுன் பலமுறை மதுரைக்குச் சென்றவர். ஒவ்வொரு முறையும் கோபுரத்தைத் தெருவில் நின்று கும்பிட்டுத் திரும்பியவர். அன்று வாயிலை அடைந்ததும் அவர் கால் எழவில்லை. "வழி தெரியாதே, புள்ளே" என்றாராம். உள்ளே செல்லும் வழி கண்முன் திறந்தே கிடந்தது. அவர் கூறியது வேறு வழி. ஐம்பதாண்டுப் பழக்கம் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினேழு வயது மருமகள் அவர் கையைப் பற்றி அழைத்துச் சென்றாள். சந்நிதியில் மாமியார் ஒன்றும் வேண்டவில்லை, அழுதுகொண்டே நின்றார். வெளியே வந்ததும், "அம்மன் இவ்வளவு சின்னவளா! கோபுரத்தைப் பார்த்துப் பெரியவளாக்கும் என்று நினைத்தேன்" என்று மட்டும் சொன்னாராம். இதனைச் சொல்லும்போதெல்லாம் பாட்டியார் சிரிப்பார். சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைப்பார்.

போர்க்காலம் வந்தது. 1942-இற் பர்மா சப்பானியர் கைப்பட்டதும் அந்நாட்டு அரிசி வருவது நின்றது. பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்கும் நாள்கள் வந்தன. வீட்டில் அரிசிச்சோறு அருகிக் கம்பும் கேழ்வரகும் சோளமுமே உணவாயின. பிடியரிசிப் பானை என்னாவது? "அரிசி இல்லையென்றால் கம்பில் ஒரு பிடி" என்றார் பாட்டியார். எதில் ஒரு பிடி என்பது அவர்க்குப் பெரிதன்று. பிடி நில்லாமையே பெரிது.

1961-இல் பாட்டனார் திடீரென்று காலமானார். பாட்டியார்க்கு அப்போது வயது முப்பத்தொன்பது. மக்கள் நால்வர், மூத்தவர்க்கே இருபது நிரம்பவில்லை. மண்டியிற் கடன் இருந்தது. துயரம் ஆறுமுன்னரே உறவினர் ஒருவர் ஒரு தாளைக் கொணர்ந்து, மண்டிக் கடனைத் தீர்க்க ஒரு கைநாட்டு வேண்டும் என்றார். சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வண்டி வந்தது. பாட்டியார் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு வந்தார். ஆறு திங்கள் சென்றபின்னரே அது கடன் பத்திரமன்று, வீட்டிலும் மண்டியிலும் தமக்குள்ள பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது தெரிந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கணவனை இழந்தார்க்கும் சொத்திற் பங்குண்டென்று விதித்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் இருந்தது; அதனை வாசிக்கும் கண் அவரிடம் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கை, தன் எழுத்தின்மையால் தன் வீட்டை இழந்தது.

அவர் வழக்காடவில்லை. வாடகைக்கு ஓர் ஓட்டுவீடு பிடித்தார். எந்த மண்டி வீட்டில் மருமகளாய் இருந்தாரோ அதே தெருவின் மண்டிகளுக்கு வற்றல் காம்பு கிள்ளும் கூலி வேலைக்குச் சென்றார். அவ்வேலையை அறிந்தார் இவ்வவையிற் பலர் இருப்பர். காலைமுதல் மாலைவரை வற்றற் குவியலின்முன் அமர்ந்து ஒவ்வொன்றாய்க் காம்பு களைதல் வேண்டும். நெடி மூக்கில் ஏறும். விரல் நெருப்பாய்க் காந்தும். இரவில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கையை விரித்து வைத்தபடியே உறங்குவாராம். கைக்குழந்தையின் முகத்தைத் தொட அஞ்சி, முழங்கையால் அணைப்பாராம். முன்னாள் முதலாளியம்மாள் கூலிக்கு வருகின்றார் என்று தெரு பேசிற்று. "மிளகாய்க்கு முதலாளி தெரியாது" என்பதே அவர் மறுமொழி.

இளைய பிள்ளைகள் இருவர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ண நேர்ந்தது. காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டு தொடங்கிப் பரவிய ஏற்பாடு அது. இளையவருள் ஒருவர், "நாம் அரிசி கொடுத்த வீடு, நாம் போய் வரிசையில் உட்காருவதா?" என்று பட்டினி கிடந்தார். பாட்டியார் அவரை அருகழைத்து, "நேற்று நாம் போட்டது இன்று நம் இலைக்கு வருகிறது. கொடுத்த கைக்கு வாங்க வெட்கம் என்றால், கொடுத்தபோது இருந்தது கர்வம் என்றுதானே பொருள்?" என்றார். இதனை எம் சிற்றப்பனார் தம் எழுபதாம் வயதிலும் சொல்லிக் கண் கலங்குவர். அக்கூலியிலும் பிடியரிசிப் பானை நின்றதில்லை. பள்ளிக்கூடத்திற்கு அரிசி திரட்டும் வழக்கம் மறைந்தபின், திங்கள் முடிவில் அதனைத் தெருவில் மிக இளைத்த வீட்டிற்குக் கொடுத்தனுப்புவார். யார் வீட்டிற்கு என்று வெளியிற் சொல்லக்கூடாதென்பது கொண்டுசெல்லும் பிள்ளைக்கு இட்ட கட்டளை.

அன்பர்களே! இதுகாறும் யாம் கூறியவற்றால் பாட்டியாரிடம் குறையே இல்லை என்று எண்ணற்க. குறையை மறைத்துச் செய்யும் புகழ்ச்சி இறந்தார்க்குச் செய்யும் அவமதிப்பாகும். ஆதலின் ஒன்றை ஒளியாது உரைப்போம்.

யாம் சிறுவனாய் இருந்த நாளில் குடும்பம் ஒருவாறு நிமிர்ந்திருந்தது. எம் தந்தையார் சிறு கடை ஒன்று வைத்திருந்தனர். கொல்லைப்புறத்தைப் பெருக்கவும் விறகு பிளக்கவும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த முதிய அம்மையார் ஒருவர் வருவார். அவர்க்குக் காப்பி கொடுத்தற்கென ஓர் அலுமினியக் குவளை கொல்லைச் சுவரின் மாடத்தில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவரே அதனைக் கழுவிக் கவிழ்த்தல் வேண்டும். அதனை எவரும் கொடுமையெனக் கருதியதில்லை. வழக்கம் என்றே கருதினோம். 1988-ஆம் ஆண்டு, எமக்குப் பத்து வயது. ஒருநாள் மாலை பாட்டியார் வழக்கம்போல் மதுரைக் கோயில் வாயிற் கதையைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த யாம், அறியாமையால், "அப்படியென்றால் நம் வீட்டுக் கொல்லைதான் அந்தப் பாட்டிக்குக் கோபுர வாசலா?" என்று வினவினோம். பாட்டியார் எம்மை ஓங்கி அறைந்தார். அவர் எம்மை அடித்தது அவ்வொரு முறையே.

மூன்று நாள் எவரோடும் மிகப் பேசவில்லை. நான்காம் நாட் காலை, அவ்வம்மையார் வந்தவுடன் கைப்பற்றி முன்திண்ணைக்கு அழைத்துவந்து, வீட்டுப் பித்தளைத் தம்ளரிற் காப்பி கொடுத்தார். அவர் வாங்க மறுத்தார். "பழக்கமில்லையே, தாயீ" என்று நடுங்கினார். பாட்டியார், "எங்கள் மாமியாரும் இதைத்தான் சொன்னார். பழகிக்கொள்ளலாம், குடி" என்றார். தெருவில் இரண்டு வீட்டார் சில காலம் எம் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினர். ஒரே நாளில் எல்லாம் நேராகிவிட்டதென்று யாம் சொல்லமாட்டோம். திண்ணையிலிருந்து அடுக்களைவரை அவ்வம்மையார் வந்து சேர மேலும் ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. பாட்டியார்க்கும் அது தடுமாற்றமான வழியே. ஆயினும், அறுபத்தாறு வயதில் தம் பிழையைப் பேரன் வாயிலாகக் கேட்டு, அதனைப் பிழையென்று ஒப்பி, தெருவறியத் திருத்திக்கொண்டார். அடித்த கையாலேயே அன்றிரவு எமக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். மன்னிப்பு என்னும் சொல்லை அவர் கூறவில்லை. எமக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

கதவுக்கு வெளியே நின்ற துன்பத்தை நன்கறிந்த குலம் நம் குலம். அத்துன்பத்தை நாம் மேடையிற் பேசுகின்றோம், மலரில் அச்சிடுகின்றோம். நம் வீட்டுக் கதவுக்கு வெளியே யாரேனும் நிற்கின்றனரா என்று ஒருகால் எட்டிப் பார்த்தல் வேண்டுமன்றோ? பட்டவர்க்கன்றோ பிறர் படும் பாடு முதலில் தெரிதல் தகும்? எம் பாட்டியாரின் வாழ்க்கையில் யாம் கற்ற பாடங்களுள் இதுவே பெரிது.

இனி, விடுபட்ட வரிக்கு வருவோம். 1990-ஆம் ஆண்டில் ஒருநாள், யாம் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, பாட்டியார் அருகில் அமர்ந்து, "எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பாயா, ராசா?" என்றார். எமக்கு வயது பன்னிரண்டு, அவர்க்கு அறுபத்தெட்டு. யாம் ஆசிரியத் தொழில் தொடங்கியது அன்றே என்று சொல்லலாம். எம் முதல் மாணாக்கர்க்குக் கண்ணிற் புரை. விரல்கள் வற்றலாற் காய்த்துப்போனவை. பலகைக்குச்சி கையில் நில்லாது. யாம் பொறுமையற்ற ஆசிரியன், "இதுகூடத் தெரியவில்லையா?" என்று கடிந்ததுண்டு. அவர் தலை குனிந்துகொள்வார். இன்று வகுப்பில் மந்தமான பிள்ளை ஒருவனைக் கடிய வாயெடுக்குந்தோறும் அக்குனிந்த தலை எம் கண்முன் தோன்றும்; சொல் தானே அடங்கும்.

எட்டுத் திங்களில் அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். தம் பெயரை எழுதினார். அடுத்து என்ன வாசிக்க விரும்புவார் என்று எண்ணுகின்றீர்கள்? புராணமா? செய்தித்தாளா? தகரப்பெட்டியின் அடியிலிருந்து முப்பதாண்டுகட்கு முந்தைய அவ்விடுதலைப் பத்திரத்தின் நகலை எடுத்து வந்தார். ஒரு நாளைக்குச் சில வரியாக, விரல் வைத்து, ஐந்து நாளில் முழுதும் படித்தார். யாம் அருகிருந்தோம், உதவி வேண்டா என்றார். கடைசியில் ஓரிடத்தில் விரல் நின்றது. பத்திரத்தை வாசிக்கக் கேட்டு, பொருள் உணர்ந்து, சம்மதித்துக் கைநாட்டு வைத்ததாக அங்கே எழுதியிருந்தது. "வாசிக்கக் கேட்டு என்று இருக்கிறதே, ராசா, ஒருவரும் வாசிக்கவில்லையே" என்றார். சொத்துப் போனதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னாரில்லை. அப்பொய்யைப்பற்றியே கேட்டார். பிறகு தாளை மடித்துப் பெட்டியில் வைத்தார். மாலையில் அடுப்பிற்கு முன், எம் தாயாரிடம், "இந்த வீட்டில் இனி ஒரு பெண்ணும் பெருவிரலில் மை தொடக்கூடாது" என்றார்.

அச்சொல்லுக்குச் சோதனை விரைவில் வந்தது. 1994-இல் எம் தமக்கையார் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினார். நல்ல வரன் வந்தது. கடைவீதியில் மூன்று கடை உள்ள வீடு. எம் தந்தையார் மகிழ்ந்து இசைந்தனர். பாட்டியார் மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையிலேயே, "பெண் பட்டம் வாங்கிய பிறகு வாருங்கள், அதுவரை பொறுக்க முடியாதென்றால் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றார். அவர்கள் காப்பி உண்டு சென்றனர். தந்தையார் ஒரு திங்கள் தாயோடு பேசவில்லை. எம் தமக்கையார் இன்று ஓர் அரசினர் பள்ளியிற் கணிதம் கற்பிக்கின்றனர். தம் முதற் சம்பளத்தைப் பாட்டியார் கையிற் கொடுத்தபோது, அவர் அதிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "இது பிடி" என்று தனியே வைத்தார்.

முதுமை அவரை மெல்ல மெல்லச் சுருக்கிற்று. தொண்ணூறு கடந்தபின் செவி மங்கிற்று, நடை குறைந்தது. அடுக்களைக்குச் செல்ல இயலாதபோது, உலை அரிசியைக் கட்டிலுக்குக் கொணர்ந்து காட்டுதல் வேண்டும். ஒரு பிடி எடுத்துக் கொடுத்தபின்னரே உலையேறும். கைநடுக்கத்தால் வழியிற் சிந்தும். சிந்தியதைப் பொறுக்குவது கொள்ளுப்பேரப் பிள்ளைகளின் விளையாட்டாயிற்று. 2018-ஆம் ஆண்டு மார்கழியில், தொண்ணூற்றாறாம் வயதில், காலைப் பிடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, நண்பகலிற் கண்மூடினார். அன்றைய பிடி பானையிற் கிடந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். பொன் இல்லை, பணம் இல்லை. இரண்டு சேலை, அப்பழைய பத்திர நகல், யாம் பன்னிரண்டு வயதில் எழுதிக்கொடுத்த அரிச்சுவடி நோட்டு. அந்நோட்டின் பின்பக்கங்களில் தம் பெயரை நூற்றுக்கணக்கான முறை எழுதிப் பழகியிருந்தார். எழுத்துப் பழகிய பின்னும் பல்லாண்டுகள் எழுதியிருந்தார் என்பது மையின் வேறுபாட்டால் தெரிந்தது. இறுதிப் பக்கத்தில் அப்பெயர் ஒரே ஒருமுறை, நடுங்கிய கோடுகளில், பக்கம் நிறைய இருந்தது.

அப்பெயரை யாம் வேறெங்கேனும் காண்போமா என்று தேடினோம். ஊரின் பழைய வரிப் புத்தகம் ஒன்றில், பாட்டனார் காலமானபின் அவர் வீட்டு வரி ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருக்கின்றது. செலுத்தியவர் பாட்டியார், எழுதப்பட்ட பெயரோ பதினெட்டு வயதும் நிரம்பாத மூத்த மகனுடையது. தலைக்கட்டு என்றால் ஆண்தலை என்பதே அந்நாளை வழக்கு. கூலி வேலை செய்து வரி கட்டியவர் பெயர் ஒரு வரியிலும் இல்லை. பெரியோர்கள் பொறுத்தருள்க, குற்றம் கூறுதற்கு இதனைச் சொன்னோமல்லோம். பிழையென்று அறிந்தபின் அறுபத்தாறு வயதிலும் திருத்தலாம் என்று எமக்குக் காட்டியவர் ஒருவர் இருந்தார், ஆதலாற் சொன்னோம்.

முடிவாக, இவ்வவையினரை மூன்று வேண்டுகின்றோம். நம் வரிப் புத்தகங்களிலும் குடும்ப வரலாறுகளிலும் தாய்மார் பெயரை இன்றே எழுதுங்கள், இது முதலாவது. வீட்டில் முதியோர் இருப்பின், இளைஞர்கள் அவர் அருகமர்ந்து, அவர் கூறுவதைக் குறையும் நிறையுமாக எழுதி வையுங்கள். அவர் கண்மூடியபின் கேட்டற்கு ஆளில்லை. இது இரண்டாவது. மூன்றாவது, பிடி. இக்காலத்தில் அரிசிப் பானை பல வீடுகளில் இல்லை. ஆயினும் ஒவ்வொருவர் வருவாயிலும் ஒரு பிடி உண்டு. அதனை ஒதுக்கி, யாருடைய பிள்ளை என்று கேளாமல், படிக்க வழியற்ற ஒரு பெண்குழந்தைக்குக் கொடுங்கள்.

எம் வீட்டில் அப்பானை இன்றும் இருக்கின்றது. நாள்தோறும் காலையில் எம் மகள் அதில் ஒரு பிடி இடுகின்றாள். அவள் கை சிறியது, பிடியும் சிறியது. அது போதும்.